கன்னியப்பன் பேரில் வந்த சரி

அன்றைக்குக் குவாரியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வாலாஜாபாத்திலிருந்து வருகிற, வெடி வைக்க லைசென்ஸ் உள்ள வேட்டுக்காரர் ஒருவர். மேனேஜர். துளை போடுகிற டில்லிபாபு, அவன் தம்பி. ஜேசிபி டிரைவர். கல்லை ஜல்லியாக்குகிற கிரஷரில் ஒடிசாக்காரர்கள் நாலு பேர். கொடியும் விசிலுமாக நான். குழியின் அடியில் டீசல் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிற கன்னியப்பன். மொத்தம் பதினோரு பேர். இதை நான் யாரையும் கேட்காமல் எப்போது வேண்டுமானாலும் சொல்வேன். அன்று ஒரு மணிக்கு மட்டும் என்னால் சொல்ல முடியாமல் போனது.

குவாரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். துளை எவ்வளவு ஆழம், மருந்து எவ்வளவு என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எனக்கு நன்றாகத் தெரிந்தது பயப்படுவது ஒன்றுதான். வேலைக் காலம் முழுக்க, வேட்டுக்கு முன்னால் ஆட்களை விலக்கி, எண்ணிப் பார்த்துக் கொடி காட்டுவதுதான் என் வேலை. ஒரு முறை எண்ணினால் எனக்கு மனசு ஆறாது. அதனால் எனக்கு 'இன்னொரு தபா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேட்டு நேரத்தில் எல்லோரும் ஒதுங்குகிற மறைவிடத்துப் பக்கம் நான் தலை காட்டினாலே டில்லிபாபு ஆரம்பிப்பான். "டேய், இன்னொரு தபா வந்துட்டாரு. எல்லாரும் கைய கால எண்ணி வச்சிக்கோங்கடா, ஒண்ணு கொறைஞ்சா சோறு போட மாட்டாரு." சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எண்ணுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த வேட்டுக்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லோரும் மறைவிடத்துக்கு வந்த பிறகு ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் வாயாலேயே கத்த வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்கக் கூடாது. ஒரு முறை கல் உடைக்கிற ஒருவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் பெண்டாட்டி பெயரையும் சேர்த்துக் கத்திவிட்டான். "அவ வாயில இன்னா கொழக்கட்டையா கீது?" என்று கேட்டு, அந்த அம்மா கத்தும் வரை வேட்டுக்காரர் வெடியைத் தொடவில்லை. அப்போது எங்களுக்கு அது அவருடைய முரட்டுத்தனமாகப் பட்டது.

அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவர்தான் இந்த மேனேஜர். செங்கல்பட்டுப் பக்கம், நன்றாகப் படித்தவர். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்ன காரணங்களும் நியாயமாகத்தான் இருந்தன. கிரஷர் சத்தத்தில் கத்துவது கேட்பதில்லை. ஒடிசாக்காரர்களுக்குத் தமிழ் புரிவதில்லை. கத்தினது காற்றோடு போய்விடும், எழுதினது நிற்கும். ஆகவே செல்லில் ஒரு குரூப் ஆரம்பித்தார். 'வேட்டு. எல்லோரும் மேலே வரவும்' என்று அவர் எழுதிப் போடுவார். ஒவ்வொருவரும் 'சரி' என்று பதில் போட வேண்டும். போடாதவனுக்கு அரை நாள் கூலி பிடித்தம். பதில்கள் வந்ததும், ஒன்றிரண்டு பாக்கி இருந்தாலும், சங்கு ஊதும், நான் எண்ணிப் பார்த்துக் கொடி காட்டுவேன், வேட்டு வெடிக்கும்.

பழகிக்கொண்டார்கள். ஒடிசாப் பையன்கள் 'சரி' என்ற இரண்டு எழுத்தை ஒரு தடவை யாரிடமோ வாங்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். தீபாவளி போனஸ் இந்த வருஷம் பாதிதான் என்று மேனேஜர் போட்டபோது முதலில் 'சரி' என்று பதில் வந்தது அவர்கள் நாலு பேரிடமிருந்துதான். டில்லிபாபு அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான். அந்தப் பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார்கள். அன்றைக்கே எனக்குப் பயம் தட்டியது. ஆனால் எனக்கு எதற்குத்தான் பயம் வராது? வெளியே சொல்லவில்லை.

என்னிடம் இருந்தது பட்டன் செல். அதில் குரூப்பெல்லாம் வராது. அதனால் யார் எங்கிருந்து பதில் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கன்னியப்பன் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவன். குவாரியிலிருந்து இரண்டு கல் தொலைவில், ஏரிக்கரை ஓரம் அவர்கள் வீடு. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுப்பாடம் செல்லில்தான் வருகிறது என்று தவணையில் ஒரு டச் போன் வாங்கியிருந்தான். வீட்டில் இருந்த ஒரே போன் அது. குரூப்பில் சேர்த்த நம்பரும் அதுதான். மற்ற நாளில் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பதில் போடுவாளாம். லீவு நாளில் உடனே போடுவாள். கன்னியப்பன் குழியில் இருப்பான். சங்கு ஊதினால் மோட்டாரை நிறுத்திவிட்டு ஏறி வந்துவிடுவான். செல்லில் பதில் போவது கூலி பிடிக்காமல் இருக்க, சங்கு ஊதுவது வேட்டுக்கு. இரண்டும் வேறு வேறு வேலை என்றே அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள். தாமதமாக வந்த பதிலுக்கு மேனேஜர் இரண்டு முறை கூலியும் பிடித்திருக்கிறார். கன்னியப்பன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போன் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு.

துளைகளில் மருந்து நிரப்பி ஒயர் இழுத்து முடித்தபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சாலவாக்கம் பக்கம் இடி கேட்டது. உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மருந்து நிரப்பின துளைகளை வைத்துக்கொண்டு இடிக்குக் காத்திருக்க முடியாது. மின்னல் எங்கோ விழுந்தாலும் ஒயரில் பாய்ந்து தானாக வெடிக்கும். வேட்டுக்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சங்கு கரண்டில் ஓடுவது. கிரஷருக்கு மட்டும் ஜெனரேட்டர் போட்டார்கள். ஜெனரேட்டர் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் தும்மினாலும் கேட்காது.

நான் விசில் ஊதினேன். குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். மோட்டார் இருக்கிற மூலையின் மேல் பாறை ஒன்று கூரை மாதிரி நீண்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர நேரம் ஆகும். மறைவிடத்துக்கு ஓடினேன். டில்லிபாபு, அவன் தம்பி, டிரைவர் இருந்தார்கள். கன்னியப்பன் இல்லை. ஒடிசாக்காரர்கள் கிரஷர் பக்கத்து மறைவில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கன்னியப்பனும் அங்கே போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

மேனேஜரிடம் போனேன். கன்னியப்பன் ஏறி வந்தானா என்று கேட்டேன்.

"வந்துட்டான்ணே. பதில் போட்டிருக்கான்."

"நான் பாக்கல சார்."

அவர் கோபப்படவில்லை. செல்லை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்களே படிச்சுக்கங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். கன்னியப்பன் என்று பெயர். அதன் கீழே சரி.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதுவரை எனக்குள் கத்திக்கொண்டிருந்த பயம் அந்த எழுத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மேனேஜர் வாயால் சொன்னதை நான் நம்பவில்லை. எழுத்தை நம்பினேன். படித்தவர்கள் எழுத்தைச் சந்தேகப்படுவார்கள். தேதி பார்ப்பார்கள், கையெழுத்துப் பார்ப்பார்கள், யார் எழுதினது என்று கேட்பார்கள். என்னைப் போல ஆறாவதோடு நின்றவனுக்கு எழுத்து என்றால் அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். ரேஷன் கடைப் பலகையில் 'இருப்பு இல்லை' என்று எழுதியிருந்தால், உள்ளே மூட்டை அடுக்கியிருப்பது கண்ணில் பட்டாலும் திரும்பி வந்துவிடுகிறவர்கள் நாங்கள்.

இடி இன்னும் பக்கத்தில் கேட்டது. வேட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கொடியைத் தூக்கினேன்.

வேட்டு நன்றாக வெடித்தது. புகை அடங்குவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். நிறுத்தின பிறகுதான் குழிக்குள்ளிருந்து டீசல் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மேலே வரும்போது கன்னியப்பன் மோட்டாரை ஓடவிட்டு வரமாட்டான்.

வெடிக்காத துளை இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது என்று வேட்டுக்காரர் கையை விரித்துத் தடுத்தார். அது சரியான விதி. டில்லிபாபு அவரைத் தள்ளிவிட்டு இறங்கினான். நானும் இறங்கினேன். நாங்கள் பார்த்ததை எழுதப் போவதில்லை. தூக்கும்போது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது இல்லை.

வீட்டுக்குச் சொல்ல என்னை அனுப்பினார்கள். டில்லிபாபு வண்டி ஓட்டினான். மழை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டு வாசலில் அவன் மகள் நின்றிருந்தாள். கையில் போன், அது நனையாமல் இருக்கத் தாவணியால் மூடியிருந்தாள். கன்னியப்பன் மனைவி காசியம்மா உள்ளே அடுப்பில் இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெண்ணே பேசினாள்.

"நைனாவத் தேடி வந்தீங்களா தாத்தா? வேட்டு போட்ருப்பாங்க, வந்துடும். நான் அப்பவே சரின்னு போட்டுட்டனே."

டில்லிபாபு திரும்பி நின்றுகொண்டான். நான் உள்ளே போய்க் காசியம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா கத்தவில்லை. எழுந்து வந்து முதலில் மகள் கையில் இருந்த போனை வாங்கினாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள். மகள் சொன்ன வார்த்தை உள்ளே இருந்த அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

மறுநாள் அடக்கம். முதலாளி வந்திருந்தார். ஊர்க்காரர்களும் சங்கத்துக்காரர்களும் சுற்றி நிற்க, குடும்பத்துக்கு ஐந்து லட்சம் தருவதாகச் சொன்னார். ஒரு லட்சத்தை அங்கேயே கொடுத்தார். மீதி விசாரணை முடிந்ததும் என்றார். யாரும் எழுதி வாங்கவில்லை. சாவு வீட்டில் பேப்பரை நீட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு காசியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, எம்பொண்ணு கேட்டா, அவ போடறதுக்கு முன்னாலயே வேட்டு வெடிச்சிட்சின்னு சொல்லுங்க. நான் அப்படித்தான் சொல்லிகினு கீறேன்."

"போன்ல நேரம் காட்டுமேம்மா."

"போனு ஏரியில கீது."

அந்த ஒரு லட்சத்தை வாங்கின கையாலேயே போனை ஏரியில் வீசியிருக்கிறாள். அதனால் அவள் கையை விட்டு எவ்வளவு போகும் என்ற கணக்கு எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. விசாரணையில் புரிந்தது.

விசாரணைக்கு முன்னால் மேனேஜர் ஒரு வாக்குமூலம் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். கன்னியப்பன் மேலே வந்துவிட்டதாகப் பதில் போட்டான், பிறகு சொந்த விருப்பத்தில் குழித் தண்ணீரில் குளிக்கத் திரும்ப இறங்கினான் என்று அதில் இருந்தது. வேலை நேரத்துக்கு வெளியே நடந்தது என்றால் முதலாளிக்குப் பொறுப்பு இல்லையாம். அந்த இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவையும் கட்டிவிட்டார்கள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். போட மாட்டேன் என்றேன்.

"பொய் ஒண்ணும் இல்லையேண்ணே. பதிலை நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"எழுத்தப் பாத்தேன் சார். ஆளப் பாக்கல."

"அதையே எழுதிக் குடுங்க."

வெள்ளைத்தாளில் என் கையாலேயே எழுதினேன். 'நான் கன்னியப்பனை மேலே பார்க்கவில்லை. செல்லில் சரி என்று பார்த்தேன்.' எழுதி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. நியாயம் செய்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். விசாரணையில் அவர்கள் வாசித்தது இரண்டாவது வரியை மட்டும். பேசும்போது பாதியில் நிறுத்தினால் கேட்கிறவன் மீதி எங்கே என்று கேட்பான். எழுதினதில் பாதியை எடுத்தால் அந்தப் பாதியே முழுசு மாதிரி நிற்கும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிற தாளில் நீங்கள் சொல்ல வேண்டியது முழுவதும் ஒரே வரிக்குள் இருக்கட்டும், யாரும் வெட்ட முடியாதபடி.

எழுந்து நின்று, அந்தப் பதில் குடியிருப்பிலிருந்து வந்தது, போட்டது அவன் மகள் என்று நான் சொல்லியிருக்கலாம். காசியம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. குளிக்கப் போய்ச் செத்தவன் என்று கன்னியப்பன் பேரில் காகிதத்தில் ஏறியது. பத்து வருஷம் அந்தக் குழியில் தண்ணீர் இறைத்தவன் அதில் ஒரு நாளும் குளித்து நான் பார்த்ததில்லை.

சங்கத்துக்காரர்கள் உத்திரமேரூரில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார்கள். யார் பதில் போட்டது என்பதைப் போட்டவரே சொன்னால் கேஸ் திரும்பும் என்றார் அவர். மனு காசியம்மா பேரில்தான் போக வேண்டும். அதில் உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் கைநாட்டு வைக்க வேண்டும். வக்கீல் வீட்டுப் படியில் நான் அவளிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பெண்ணுக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை, அவளை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், கன்னியப்பன் பேரும் சுத்தமாகும் என்றேன்.

"யாரும் சொல்லாட்டி இன்னா மேஸ்திரி, அவ சொல்லிக்குவாளே. அந்தக் கைய வச்சிகினு அவ எப்படி சோறு துன்னுவா? அவுரு பேரு எப்படின்னா கெடக்கட்டும். அவுரு போயிட்டாரு."

மனு போடவில்லை. அந்த வருஷமே நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வளர்ந்துவிட்டாள். பன்னிரண்டாவது முடித்து ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். பக்கத்தில் வந்து நின்றாள். நலம் விசாரித்தாள். சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருப்பதைச் சொன்னேன். நான் கொஞ்ச நேரத்தில் பதறிப்போய், கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன். "அன்னிக்கி வேட்டு பன்னண்டரைக்கெல்லாம் முடிஞ்சிட்சிம்மா..." என்றேன்.

"தாத்தா, வேணாம்," என்றாள். "எனக்குத் தெரியும். அம்மா போனப் புடுங்கறதுக்கு முன்னால நான் போட்ட நேரம் பாத்துட்டேன். வேட்டு ஒரு மணிக்குன்னு அடக்கத்துலயே பேசிகினாங்க."

அவள் அழவில்லை. பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். வக்கீல் என்ன கேட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுதிக் கொடுக்க அவள் தயார்தான். ஆனால் மனுவை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார்கள். இவளுக்குத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்தான் அந்த அம்மா நடமாடுகிறாளாம். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அது படுத்துடும் தாத்தா. நீங்க சங்கத்துக்கு எழுதறதுன்னா எழுதுங்க. அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே." செங்கல்பட்டு பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அந்தப் பெண் அனுமதி கொடுத்ததால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் நம் பக்கத்தில் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கொடி காட்டும் முன் ஆளை ஆளாகப் பாருங்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல இதைவிட எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்களுக்குள் படித்துக்கொள்ளுங்கள். யாரும் வாய்விட்டுப் படித்துச் செல்லில் பேச்சாக அனுப்பாதீர்கள். அது சுற்றிச் சுற்றி அந்தக் குடியிருப்புக்குப் போய்விடும். அங்கே ஒரு அம்மா காதால் மட்டும்தான் படிப்பாள்.

முதலாளி சொன்னது ஐந்து லட்சம். கொடுத்தது ஒன்று. பாக்கி நாலு லட்ச ரூபாய்.